ஒழுகிற இடம் வேற, சொட்டுற இடம் வேற

ஒவ்வொரு சனிக்கிழமை காலமையும் நாங்கள் முதலில் செய்கிற வேலை, ஒரு பழைய காருக்குக் கீழே கிடக்கிற மட்டையை வெளியில் இழுத்து, அதில் விழுந்திருக்கிற ஒயில் துளிகளை எண்ணுவது. சிரிக்காதேங்கோ. கலைப்பீடத்தில் படிக்கிற மூன்று பேர். ஒருத்தி புவியியல், ஒருவன் வரலாறு, மற்றவன் மொழியியல். மூன்று பேரும் குந்தியிருந்து துளி எண்ணி, திகதி போட்டு, கொப்பியில் எழுதுகிறோம். முதல் நாள் எழுதினது: ஓர் இரவில் 41 துளி.

இந்தக் கட்டுரை அந்த 41 துளியைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த மட்டையைப் பார்த்த ஆட்கள் எங்களுக்குச் சொன்ன இரண்டு பதில்களைப் பற்றியது. ஒரு பகுதி சொன்னது: "பழைய இங்கிலிஸ் கார் எண்டால் ஒழுகும்தானே, விடுங்கோ." மற்றப் பகுதி சொன்னது: "சிலிக்கனை நல்லா அப்பிவிடுங்கோ, நிண்டிடும்." இரண்டுமே பிழை என்பதுதான் எங்கட நிலைப்பாடு. வேறுவேறு பதில் மாதிரித் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சோம்பல்தான். ஒயில் எங்கேயிருந்து வருகுது, ஏன் வருகுது என்று பார்க்காமல் விடுகிற சோம்பல்.

மைனரின் எஞ்சின்தான்

கார் ஒரு எம்.ஜி. மிட்ஜெற். 1960களில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், கூரை துணி, உயரம் எங்கட இடுப்புக்குக் கொஞ்சம் மேல். சொந்தக்காரர் கொழும்பில் இருக்கிறார். எஞ்சினை முழுக்கக் கழற்றிச் செய்து தரச்சொல்லி, எங்களில் ஒருத்தியின் மாமா நடத்துகிற கராஜுக்கு லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார். கொழும்பில் இல்லாத கராஜா என்று நாங்களும் கேட்டோம். மாமா பொனற்றைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "வடிவாப் பாருங்கோ. இது மைனரின்ர எஞ்சின்."

உண்மைதான். 1951 இல் ஒஸ்ரின் ஏ-30 என்ற சின்னக் காருக்காக 803 சிசியில் வந்த எஞ்சின் அது. ஏ-சீரிஸ் என்று பெயர். அடுத்த வருசம் மொறிஸ் மைனருக்குள் போனது. 1956 இல் 948 சிசி ஆனது, 1962 இல் 1098 சிசி. இதற்கிடையில் 1958 இல், அதே எஞ்சினில் இரண்டு காபரேற்றரைப் பூட்டி, ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற் என்ற மலிவான ஸ்போர்ட்ஸ் காரை விட்டார்கள். 1961 இல் அதன் கூடப்பிறந்ததாக எம்.ஜி. மிட்ஜெற் வந்தது. 1959 இல் வந்த மினிக்குள் இதையே குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். அந்த மினியோடு சேர்ந்து 2000 ஆம் ஆண்டு வரைக்கும் இந்தக் குடும்பம் உயிரோடு இருந்தது. எங்கட கராஜுக்கு வந்த மிட்ஜெற்றில் இருப்பது 1098 சிசி எஞ்சின். ரீச்சர்மாரும் பிறக்கிராசிமாரும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓட்டித் திரிந்த மைனருக்கும் இதற்கும் கறல் ஒன்று, குணம் ஒன்று. (ஏ-40 ஐயும் எல்லாரும் சொல்லுவினம். அதன் 1200 சிசி எஞ்சின் வேறு குடும்பம்.)

மாமா தொழில் பழகினது 1990களில். பொருளாதாரத் தடை இருந்த காலம். கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடின கதையை எங்கட வயதுக்காரர் எல்லாரும் வீட்டில் கேட்டிருப்போம். அதன் மறுபக்கத்தை மாமாவிடம்தான் கேட்டோம். மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். தண்ணியான ஒயில் எல்லா இடுக்காலும் வெளிக்கிடும். புதுக் கஸ்கற் வாங்கவும் வழியில்லை. மட்டையை எஞ்சின் முகத்தில் வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டியே கஸ்கற் வெட்டினாராம். ஒயில் ஒழுக்கைப் பற்றி அவருக்குத் தெரிஞ்சது எல்லாம், ஒயிலே கிடைக்காத காலத்தில் படிச்சது.

பவுடர்

41 துளியும் ஒரே இடத்தில்தான் விழுந்திருந்தது. எஞ்சினும் கியர் பெட்டியும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே. இந்த எஞ்சினைத் தெரிஞ்ச எவரும் அதைக் கண்டவுடன் "பின் சீல் போட்டுது" என்று சொல்லுவார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இணையத்தில் படித்ததை வைத்து மாமாவுக்கே விளங்கப்படுத்தவும் வெளிக்கிட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் மண்ணெண்ணெயும் சவர்க்காரத் தண்ணியும் தந்து, எஞ்சினை ஒருக்காக் கழுவச் சொன்னார். அரை நாள் போனது. காய்ந்த பிறகு, முகத்துக்குப் போடுகிற பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவினார். பிறகு காரை ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, எங்கட கையில் ஒரு ரோச்சையும் சின்னக் கண்ணாடியையும் தந்தார்.

வெள்ளைப் பவுடரில் ஒயில் வந்த பாதை கறுப்புக் கோடாகத் தெரிந்தது. ஒரு கோடு இல்லை, மூன்று கோடு. ஒன்று மேலே வால்வு மூடியின் பின் மூலையிலிருந்து. இன்னொன்று பக்கவாட்டில் இருக்கிற ராப்பெற் கவரிலிருந்து. 1098 சிசி எஞ்சினில் இப்படி இரண்டு சின்னத் தகர மூடிகள் இருக்கின்றன. காபரேற்றருக்கும் புகைக் குழாய்க்கும் கீழே மறைந்திருப்பதால் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. இந்த இரண்டு கோடும் வழிந்து, ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்னுக்குத் தள்ளுப்பட்டு, கடைசியில் எல்லாரும் "பின் சீல்" என்று காட்டுகிற அதே இடத்தில் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது கோடுதான் உண்மையிலேயே பின்பக்கத்தால் வந்தது.

ஒயில் சொட்டுகிற இடம், அது ஒழுகிற இடம் இல்லை. இந்த ஒரு வசனத்துக்காக ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவழித்ததில் எங்களுக்குக் கவலை இல்லை. பவுடர் போடாமல் விட்டிருந்தால், எஞ்சினை இறக்கி, பின்பக்கத்தை மட்டும் செய்து, திரும்ப ஏற்றி, அடுத்த நாள் மட்டையில் 30 துளியைக் கண்டுவிட்டு "பழைய கார்தானே" என்று சொல்லியிருப்போம். அந்தப் பேச்சு எப்படிப் பிறக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கினது.

சிவப்புப் புழு

எஞ்சினை இறக்கித் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒயில் நிற்கிற தகரத் தொட்டியை, அதுதான் சம்பை, கழற்றினோம். முன்னர் எப்பவோ யாரோ ஒருவர் செய்த வேலை கண்ணுக்கு முன்னால் கிடந்தது. கஸ்கற்றுக்கு மேலேயும் கீழேயும் சிவப்பு சிலிக்கன். விரல் மொத்தத்துக்கு.

சிலிக்கனை அப்புகிறவர் வெளியில் பிதுங்குவதை மட்டும்தான் காண்கிறார். துணியால் துடைத்துவிட்டுச் சந்தோசப்படுகிறார். ஆனால் போல்ற்றை இறுக்கும்போது வெளியில் எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே துடைக்க ஆள் இல்லை. சூடான ஒயிலில் கிடந்து கிடந்து அது துண்டு துண்டாகக் கழரும். சம்பின் அடியில் ஒரு வலை இருக்கிறது. ஒயில் பம்ப் அந்த வலையால்தான் ஒயிலை உறிஞ்சி, சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் வரையான அழுத்தத்தில் பெயாரிங்குகளுக்கு அனுப்புகிறது. நாங்கள் கழற்றின வலையில் கால்வாசி சிவப்புப் புழு மாதிரியான துண்டுகளால் அடைபட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அடைபட்டிருந்தால் பெயாரிங் ஒயில் இல்லாமல் எரிந்திருக்கும். வெளியில் ஒரு சொட்டை நிறுத்துவதற்காக உள்ளே எஞ்சினையே கொல்லப் பார்த்த வேலை அது.

இதைப் பெரிய ஞானிகள் மாதிரி எழுத எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் இரண்டு கிழமைக்குப் பிறகு, மாமா சாப்பிடப் போன நேரத்தில், சம்பைப் பூட்டும்போது நாங்களும் அதையேதான் செய்தோம். "பாதுகாப்புக்கு" என்று சொல்லி, கஸ்கற்றில் சுற்றிவரச் சிலிக்கன் பூசினோம். சிவப்பு இல்லை, கறுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். மாமா வந்து விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஏசவில்லை. "கழட்டுங்கோ பிள்ளையள்" என்றார். கழற்றி, சுரண்டி, துடைத்து, திரும்பப் பூட்ட இரவு எட்டு மணியாகிவிட்டது. கண்ணால் கண்டதையும் கை கேட்காது போல.

மூச்சு

சரி, அப்படியென்றால் என்னதான் செய்ய வேண்டும்? மாமா முதலில் கேட்ட கேள்வி சீலைப் பற்றியே இல்லை. "எஞ்சின் மூச்சு விடுதோ?" என்று கேட்டார்.

எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழே வரும். புது எஞ்சினிலும் வரும், றிங் தேய்ந்த எஞ்சினில் கூட வரும். அந்த வாயு வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும். இந்த எஞ்சினில் முன் ராப்பெற் கவரிலிருந்து போகிற பிறீதர் குழாய் அந்த வேலையைச் செய்கிறது. அது அடைபட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் ஒயில் எந்த இடுக்கு இலேசோ அந்த இடுக்கால் வெளியே வரும். ஓர் இடத்தை மூடினால் அடுத்த இடத்தால் வரும். எங்கட குழாய்க்குள் குச்சியை விட்டுப் பார்த்தோம். பனங்களி மாதிரிக் கறுப்புக் கரி இறுகிப்போய் இருந்தது. காரை ஓட்டிப் பார்த்த நாளிலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் புகை குப்பென்று வந்தது. அதைக் கண்டும் நாங்கள் பின் சீலைப் பற்றியே கதைத்துக்கொண்டு இருந்தோம்.

இன்னொரு சின்ன விசயம். டிப்ஸ்ரிக்கில் மேல் கோட்டுக்கு மேலே ஒயில் நின்றது. ஒழுகுதே என்ற பயத்தில் யாரோ கூட ஊற்றியிருக்கிறார்கள். கூட ஊற்றினால் சுழலுகிற தண்டு ஒயிலை அடித்துக் கலக்கி இன்னும் ஒழுக வைக்கும்.

முகமும் மூலையும்

அடுத்தது, இரண்டு உலோக முகம் சேருகிற இடங்கள். கஸ்கற் என்பது பசை இல்லை. இரண்டு முகமும் மட்டமாக இருந்தால், இடையில் இருக்கிற சின்ன மேடு பள்ளத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. முகமே கோணலாக இருந்தால் எந்தக் கஸ்கற்றும் காப்பாற்றாது.

எங்கட சம்பின் விளிம்பை ஒரு மட்டமான கண்ணாடியில் கவிழ்த்துப் பார்த்தோம். ஒவ்வொரு போல்ற் ஓட்டையைச் சுற்றியும் தகரம் குழியாக இழுபட்டு இருந்தது. ஒழுகுது, இறுக்கு. இன்னும் ஒழுகுது, இன்னும் இறுக்கு. அப்படி இறுக்கினதன் பலன் அது. இந்தப் போல்ற்றுகளுக்குப் புத்தகத்தில் சொல்லியிருக்கிற அளவு ஏறத்தாழ 6 அடி-இறாத்தல். சின்ன ஸ்பனரில் இரண்டு விரல் பலம் போதும். கூட இறுக்கினால் இடையிலிருக்கிற தக்கை நசிந்து, போல்ற்றுக்குப் போல்ற் நடுவில் விளிம்பு வாயைத் திறக்கும். மரக்கட்டையில் வைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டி ஒவ்வொரு குழியையும் மட்டமாக்கினோம். வால்வு மூடியிலும் இதே கதைதான். இரண்டே இரண்டு போல்ற். தகரம் வளையும் வரைக்கும் இறுக்கியிருந்தார்கள். ஒயில் கழிக்கிற பூட்டுக்கு இருக்கிற செப்பு வளையத்தை மாமா எறிய விடவில்லை. அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணிக்குள் போட்டார். செம்பு திரும்ப மெதுமையாகி, இறுக்கும்போது முகத்தோடு படியுமாம்.

சம்புக் கஸ்கற் ஒரே துண்டில்லை. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு தக்கைப் பட்டை, முன் பின் பெயாரிங் மூடிகளில் வளைந்து உட்கார இரண்டு துண்டு. இவை சந்திக்கிற நான்கு மூலையும்தான் பலவீனமான இடம். அந்த நான்கு மூலைக்கும் மட்டும், பயறளவு சிலிக்கன். மாமா சிலிக்கனுக்கு எதிரி இல்லை. அது வேண்டிய இடம் எங்கே, வேண்டிய அளவு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். நாங்கள் எதிர்க்கிறதும் சிலிக்கனை இல்லை, அப்புறதை.

எஞ்சினின் முன்பக்கத்தில், செயின் ஓடுகிற ரைமிங் கவரில் ஒரு வட்டச் சீல் இருக்கிறது. பழையதில் கம்பளிப் பட்டை, பிறகு வந்ததில் றப்பர். புதுச் சீலை அடித்து, கவரைப் பூட்டி, போல்ற்றை இறுக்கிவிட்டுத்தான் கப்பியை ஏற்றப் பார்த்தோம். அதுவும் பிழை. போல்ற்றைத் தளர்வாக வைத்து, கப்பியை உள்ளே விட்டு, சீல் அதைச் சுற்றி நடுவில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சீல் ஒரு பக்கம் நசிந்து, மறுபக்கம் இடைவெளி விடும். சீல் உரசுகிற இடத்தில் கப்பியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கவும் வேண்டும். பள்ளம் விழுந்த கப்பியில் எந்தப் புதுச் சீலும் நிக்காது.

சீலே இல்லாத சீல்

கடைசியாக அந்தப் பின்பக்கம். எல்லாரும் "பின் சீல்" என்று சொல்லுகிற இடத்தில், இந்த எஞ்சினில், சீலே இல்லை. இதை எஞ்சினைத் திறந்து பார்க்கும் வரைக்கும் நாங்கள் நம்பவில்லை. சுழலுகிற பிரதான தண்டின் பின் முனையில் ஒரு விளிம்பு, அதற்குப் பின்னால் திருகாணி மரை மாதிரி ஒரு சுருள் வெட்டு. பெயாரிங்கிலிருந்து கசிகிற ஒயிலை விளிம்பு வீசி எறியும். அதையும் தாண்டி வருவதை, தண்டு சுழலும்போது அந்தச் சுருள் திரும்ப உள்ளுக்குத் தள்ளும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை, றப்பர் இல்லை. 1950களின் தொடக்கத்துக்கு நல்ல யோசனைதான். ஆனால் சுழலும்போது மட்டும்தான் வேலை செய்யும். நிறுத்தின பிறகு அங்கே தங்கின ஒயில் ஓரிரு துளி சொட்டத்தான் செய்யும். அதற்கென்றே கீழே ஒரு சின்னத் துளையும் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே "பழைய இங்கிலிஸ் கார் ஒழுகும்" என்ற பேச்சில் ஓரிரு துளி உண்மை இருக்கிறது. 41 துளி உண்மை இல்லை. சுருள் சரியாக வேலை செய்ய, பின் பெயாரிங் தேயாமல் இருக்க வேண்டும், தண்டு நடுவில் ஓட வேண்டும், உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்க வேண்டும். எங்கட எஞ்சினில் பெயாரிங் தேய்ந்து, செம்பு தெரிந்தது. பெயாரிங்கை மாற்றினதுதான் பின் ஒழுக்குக்குச் செய்த வைத்தியம்.

இப்போது இந்தச் சுருளுக்கு மேலே றப்பர் சீல் பூட்டுகிற தொகுதிகள் வெளிநாட்டில் விற்கிறார்கள். அதைப் போடுறதா, விடுறதா? இதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. வரலாறு படிக்கிறவன் வேண்டாம் என்றான். காரைச் செய்தவர்கள் எப்படி யோசித்தார்களோ அப்படியே இருக்கட்டும், எல்லாத்தையும் மாற்றினால் பிறகு எதைப் பாதுகாக்கிறோம் என்று கேட்டான். நல்ல கேள்வி. புவியியல் படிக்கிறவள் ஒரு நிமிசம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்ர வீட்டில என்ன தண்ணி குடிக்கிறியள்?" என்று கேட்டாள்.

வருசம் முழுக்க ஓடுகிற ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைத்தண்ணியைத்தான் கிணற்றால் எடுத்துக் குடிக்கிறோம். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் துளையும். மேலே ஊற்றுவது கீழே போகக் கனநேரம் எடுக்காது. 2010களில் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையை இந்த ஊரே கதைத்தது. அவளுடைய வீடும் அந்தப் பக்கம்தான். கிணறு இருந்தும் போத்தல் தண்ணி வாங்கின நாட்கள் அவளுக்கு ஞாபகம். 41 துளி என்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவுதான். ஆனால் அது நின்ற காரில் விழுந்தது. ஓடும்போது றோட்டில் எவ்வளவு விழுகிறது என்று மட்டை சொல்லாது. அதுவும் பாவித்த ஒயில், எரிந்த கழிவும் தேய்ந்த உலோகத் தூளும் கலந்தது. அதற்குப் பிறகு "பழைய கார் ஒழுகிறதும் ஒரு அழகுதான்" என்ற கதையை எங்களில் ஒருவரும் எடுக்கவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இதுதான். ஒழுங்கு முக்கியம். முதலில் கழுவிப் பார்க்க வேண்டும். பிறகு மூச்சு. பிறகு பெயாரிங். பிறகு முகங்கள். இவ்வளவும் செய்த பிறகும் பின்பக்கத்தால் நாலைந்து துளிக்கு மேலே வந்தால் றப்பர் சீலைப் போடலாம். அது காருக்குச் செய்கிற துரோகம் இல்லை. ஆனால் தேய்ந்த பெயாரிங்கை வைத்துக்கொண்டு அந்தச் சீலைப் போட்டால், ஆடுகிற தண்டு அதன் உதட்டைத் தின்றுவிடும், திரும்ப எஞ்சினை இறக்க வேண்டும். குறுக்கு வழி என்று எடுப்பது கடைசியில் நீளமான வழியாகத்தான் முடியும். எது செய்தாலும் நிற்கிற காருக்குக் கீழே ஒரு தட்டம் வைக்கலாம். தகரத் தட்டம் ஒன்றுக்குப் பெரிய காசு இல்லை.

கொப்பி

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் இந்த வேலைக்குப் போகிறோம் என்றதும் பீடத்தில் கேட்ட முதல் கேள்வி, "இது உங்கட பாடத்துக்கு உதவுமோ?" என்பது. வீட்டில் கேட்டது, "கம்பசுக்குப் போயும் கரிக்கையோ?" இரண்டு கேள்வியும் ஒன்றுதான். கையால் செய்கிற வேலைக்கு மூளை தேவையில்லை என்ற எண்ணம். ஒரு துளி ஒயிலை வைத்து, அது வந்த பாதையைப் பின்னோக்கிப் போய், காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கும், ஒரு பழைய ஆவணத்தை வைத்து நடந்ததைக் கண்டுபிடிப்பதற்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சொல்லப்போனால் கராஜில் பிழை விட்டால் அடுத்த நாளே மட்டை காட்டிக்கொடுத்துவிடும். எங்கட கட்டுரைகளுக்குக் கீழே அப்படி ஒரு மட்டை இல்லை.

இந்த எஞ்சினைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது, அளவு இருக்கிறது. மாமாவுக்குத் தெரிந்தது தமிழில் எங்கேயும் எழுதப்படவில்லை. மைனர் பார்க்கிற ஆட்கள் ஒவ்வொருவராகத் தொழிலை விடுகிறார்கள். மாமாவின் பெடியன் வெளிநாட்டில். அதனால்தான் எங்கட கொப்பியில் துளிக் கணக்கோடு சேர்த்து, அவர் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லையும் மொழியியல்காரன் எழுதுகிறான். மூச்சு, முகம், வாய் திறக்கிறது, படியுது. இவை அவர் கண்டுபிடித்த சொற்கள் இல்லை, வீட்டில் கதைக்கிற சொற்கள்தான். ஆனால் "பிறீதர் அடைச்சிட்டுது" என்றபோது விளங்காத எங்களுக்கு, "எஞ்சின் மூச்சு முட்டுது" என்றவுடன் விளங்கினது.

வாசிக்கிற உங்களில் பலரிடம் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கப் போவதில்லை. எங்களிடமும் இல்லை. ஆனால் அப்பாவின் மோட்டச்சைக்கிள் இருக்கும், பக்கத்து வீட்டு ஓட்டோ இருக்கும், வயலில் தண்ணி இறைக்கிற மெசின் இருக்கும். அதில் ஒயில் கசிந்தால் சிலிக்கன் ரியூப்பைத் தூக்க முதல் ஒருக்காக் கழுவிப் போட்டுப் பாருங்கோ. கொஞ்சம் பவுடரும் தூவிப் பாருங்கோ.

போன சனிக்கிழமை மட்டையை இழுத்தோம். எஞ்சினை ஏற்றி, ஓட்டி, இரவு முழுக்க நிறுத்தின பிறகு விழுந்தது மூன்று துளி. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இது அவன்ர குணம்" என்றார். கொப்பியில் எழுதிக்கொண்டோம். தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தோம்.